தாளும் சைக்கிளும்: பயத்தைக் கையாண்ட இரண்டு வழிகள்

1992-ம் ஆண்டு மகளிர் தினத்தன்று புதுக்கோட்டை நகரத் தெருக்களில் 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் வந்தார்கள். ஹேண்டில்பாரில் கொடி, ஓயாத மணிச்சத்தம். அந்த நாட்களில் இந்த மாவட்டத்தில் சைக்கிள் பழகியவர்களில் வயல்வேலைக்குப் போகிறவர்கள் இருந்தார்கள். குவாரியில் கல் உடைக்கிறவர்கள், கிராம செவிலியர்கள், பால்வாடிப் பணியாளர்கள், சத்துணவுக் கூடத்தில் சமைப்பவர்கள் எல்லாம் இருந்தார்கள். முந்தைய ஆண்டு தொடங்கிய அறிவொளி எழுத்தறிவு இயக்கம்தான் இவர்களை ஓட்ட வைத்தது. எழுத்தோடு நடமாட்டமும் சேர்ந்தால்தான் பெண்ணுக்கு உண்மையான விடுதலை என்று நினைத்தவர் அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கு ஏற்பாடு செய்ததும், ஒவ்வொரு ஒன்றியத்துக்கும் இதில் ஒரு பொறுப்பைக் கொடுத்ததும் அவர்தான். ஒரு லட்சத்துக்கும் அதிகமான கிராமப் பெண்கள் சைக்கிள் பழகினார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதினார். 1996-ல் வெளிவந்த 'எவ்ரிபடி லவ்ஸ் எ குட் டிராட்' நூலில் அந்தக் கட்டுரை இருக்கிறது. எட்டாம் வகுப்பு இந்திப் பாடநூலில் வடநாட்டுப் பிள்ளைகளும் அதைப் பாடமாகப் படித்திருக்கிறார்கள்.

இந்தக் கதையை எழுத்தறிவின் கதையாகச் சொல்வார்கள், பெண் விடுதலையின் கதையாகச் சொல்வார்கள். இரண்டும் சரி. எனக்கு இது பயத்தின் கதையாகவும் படுகிறது. ஒரு லட்சம் பேர் ஆளுக்கொரு பயத்தோடு சைக்கிள் பழகும் மைதானத்துக்கு வந்து, அதைக் குறைத்துக்கொண்டு வீடு திரும்பியிருக்கிறார்கள். பதற்றத்துக்கும் எதிர்மறை எண்ணத்துக்கும் இன்று உலகம் முழுக்க மருத்துவர்கள் பரிந்துரைக்கும் அறிதல் நடத்தைச் சிகிச்சையை, அதாவது சி.பி.டி.யை, இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டைப் பற்றியும் புதிதாகச் சில விஷயங்கள் தெரிகின்றன. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அறிவொளி மனநலத் திட்டமன்று. அங்கே யாருடைய பதற்றத்தையும் யாரும் அளக்கவில்லை, யாருக்கும் நோய் என்று பெயர் வைக்கவுமில்லை. நான் ஒப்பிடுவது பயம் என்ற பொருளை இரண்டும் எப்படிக் கையில் எடுத்தன என்பதை மட்டும்தான்.

சி.பி.டி.யின் தொடக்கம் அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்தில். ஆரன் பெக் என்ற மனநல மருத்துவர் ஃபிராய்டு வழியில் பயின்றவர். 1960-களில் மனச்சோர்வு நோயாளிகள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, அவர்கள் வாய்விட்டுச் சொல்கிறவற்றுக்கு அடியில் இன்னொரு பேச்சு ஓடுவதைக் கவனித்தார். 'நான் சொல்றது இவருக்கு சலிப்பா இருக்கு', 'என்னால எதுவும் ஆகாது' என்பது போன்ற சின்னச் சின்ன வாக்கியங்கள். கூப்பிடாமல் வருகிறவை, வந்ததுமே உண்மை போலப் படுகிறவை. இவற்றை வெளியே எடுத்து, நோயாளியும் மருத்துவரும் சேர்ந்து உட்கார்ந்து சோதித்துப் பார்த்தால் மனம் மாறுகிறது என்பது அவர் கண்டது. 100 வயது வாழ்ந்து 2021-ல் மறைந்தார்.

இது நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதை ஒரு கற்பனை ஆளை வைத்துப் பார்ப்போம். அன்னவாசல் பக்கத்துப் பெண் ஒருத்தி. புதுக்கோட்டைக்கு வரும் பஸ்ஸில் ஒருநாள் நெஞ்சு படபடத்து, கை வியர்த்து, மூச்சு முட்டி, வழியிலேயே இறங்கிவிட்டாள். டாக்டர் இ.சி.ஜி. எடுத்தார், ரத்தம் பார்த்தார், இதயத்தில் கோளாறு இல்லை என்று சொல்லிவிட்டார். ஆனாலும் அதற்குப் பிறகு பஸ் என்றாலே அவளுக்கு நடுக்கம். சி.பி.டி. தெரிந்தவர் இவளிடம் ஒரு தாளைக் கொடுப்பார். முதல் கட்டத்தில் என்ன நடந்தது: 'இலுப்பூர் பஸ், நல்ல கூட்டம், நின்னுக்கிட்டு வந்தேன்.' அடுத்த கட்டத்தில் அந்த நொடியில் என்ன நினைத்தாள்: 'மயங்கி விழுந்துடுவேன், யாரும் தூக்க மாட்டாங்க.' அதை நூற்றுக்கு எவ்வளவு நம்புகிறாள்: 90. பிறகு, நம்பக் காரணம் என்ன, நம்பாமலிருக்கக் காரணம் என்ன. நம்பக் காரணம்: படபடப்பு வந்தது, தலை சுற்றியது. நம்பாமலிருக்கக் காரணம்: இதுவரை எத்தனை தடவை படபடத்தது, அதில் எத்தனை தடவை மயங்கினாள்? ஒரு தடவைகூட இல்லை. மயக்கம் வர ரத்த அழுத்தம் சட்டென்று இறங்க வேண்டும். பயத்தில் அது பெரும்பாலும் ஏறவே செய்யும். இங்கிலாந்தின் உளவியலாளர் டேவிட் கிளார்க் 1986-ல் விளக்கியது இதைத்தான். உடம்பில் நிகழும் சாதாரண மாற்றத்தை ஆபத்து என்று தவறாகப் படிக்கிறோம். அந்தத் தவறான வாசிப்பு உடம்பை இன்னும் படபடக்க வைக்கிறது. அதைப் பார்த்து பயம் இன்னும் ஏறுகிறது.

தாளில் எழுதியதோடு வேலை முடிவதில்லை. அடுத்து படிப்படியாக ஏற வேண்டும். முதலில் பஸ் ஸ்டாண்டில் போய் நின்றுவிட்டு வருவது. அப்புறம் துணையோடு ஒரே ஒரு ஸ்டாப். பிறகு தனியாக ஒரு ஸ்டாப். பிறகு புதுக்கோட்டை வரை, கூட்டமில்லாத நேரத்தில். கடைசியாகக் காலைக் கூட்டத்தில். ஒவ்வொரு படியிலும் பயம் தானாக இறங்கும் வரை, அல்லது பயந்தது நடக்கவில்லை என்பது மனத்தில் பதியும் வரை அங்கேயே இருக்க வேண்டும். இங்கே ஒரு எலுமிச்சம்பழத்தைக் கவனிக்க வேண்டியிருக்கிறது. இந்தப் பெண் பஸ் ஏறும்போதெல்லாம் முந்தானையில் எலுமிச்சம்பழம் முடிந்து வைத்திருப்பாள், மோந்துகொண்டே வருவாள், வாசல் பக்கத்து சீட்டைத் தவிர வேறெங்கும் உட்கார மாட்டாள். பயணம் நல்லபடி முடியும். ஆனால் மனம் என்ன கணக்கு எழுதும்? 'பழம் இருந்ததால தப்பிச்சேன்.' பயம் பொய் என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பை அந்தப் பழம் பறித்துவிடுகிறது. ஆகவே ஒரு கட்டத்தில் பழத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போகச் சொல்வார்கள். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இது சின்ன விஷயம். அவளுக்கு முழுப் படிக்கட்டிலும் உயரமான படி இதுவாகத்தான் இருக்கும்.

இப்போது மைதானத்துக்கு வருவோம். லேடீஸ் சைக்கிள் போதுமான அளவு கிடைக்காததால் ஆண்கள் ஓட்டும், நடுவில் பார் வைத்த சைக்கிளையே பெண்கள் ஓட்டினார்கள். பின்னால் குடமும் முன்னால் பாரில் பிள்ளையுமாகப் போக அதுதான் வசதி என்று பலர் பிறகு அதையே விரும்பினார்களாம். சேலை கட்டிக்கொண்டு பார் வண்டியில் ஏறுவது எத்தனை கஷ்டம் என்பது முயன்றவர்களுக்குத் தெரியும். தமிழ்நாட்டில் வாடகை சைக்கிளில் பழகிய எவருக்கும் அந்தப் படிகள் மனப்பாடம். வண்டியைத் தள்ளிக்கொண்டே நடப்பது. ஒரு காலைப் பெடலில் வைத்து, இன்னொரு காலால் உந்தி உந்திப் போவது. பாருக்குக் கீழே காலை நுழைத்துக் குரங்குப் பெடல். பிறகு சீட்டில் உட்கார, கேரியரைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி பின்னால் ஓடி வருவாள். "கீழ பாக்காதீங்க அத்தாச்சி, முன்னாடி பாருங்க" என்று கத்திக்கொண்டே ஓடுவாள். ஒரு நேரத்தில் சொல்லாமல் கையை எடுத்துவிடுவாள்.

அந்தக் கையை எடுப்பதும், எலுமிச்சம்பழத்தை வீட்டில் வைப்பதும் ஒரே வேலை. சி.பி.டி. இந்த இடத்துக்கு வர ஆய்வும் விவாதமுமாக வெகுகாலம் பிடித்தது. பயத்தைப் படிப்படியாக எதிர்கொள்ளும் முறையைத் தென்னாப்பிரிக்காவில் ஜோசப் வோல்பி 1950-களிலேயே வகுத்தார். பெக்கின் வழி எண்ணத்தைச் சோதிப்பதில் தொடங்கியது. இரண்டும் சேர்ந்தே இன்றைய சி.பி.டி. 1996-ல் உளவியலாளர் நீல் ஜேக்கப்சனும் அவருடைய சகாக்களும் மனச்சோர்வுச் சிகிச்சையைப் பகுதி பகுதியாகப் பிரித்து ஆராய்ந்தார்கள். எண்ணத்தைத் தொடாமல் அன்றாடச் செயல்களை மட்டும் கூட்டிக்கொண்டு போன பகுதியே முழுச் சிகிச்சைக்கு நிகராகப் பலன் தந்தது. அது மனச்சோர்வு பற்றிய ஆய்வு. பதற்றத்துக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனாலும் செயல்தான் பாரத்தைச் சுமக்கிறது என்ற எண்ணம் அதன்பின் வலுத்தது. அறிவொளிக்காரர்கள் நேராகச் செயலில் தொடங்கினார்கள். 'நீ ஏன் பயப்படுறே' என்று உட்கார வைத்துக் கேட்கவில்லை. ஏறு என்றார்கள்.

இதே துறையின் இன்னொரு முன்னோடியான ஆல்பர்ட் எல்லிஸ் தன்மீதே இதைச் செய்து பார்த்தவர். 19 வயதில் பெண்களிடம் பேசவே நடுங்கிய அவர், நியூயார்க்கின் பிராங்ஸ் தாவரவியல் பூங்காவில் ஒரு மாதம் தினமும் போய், பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருக்கும் பெண்களிடமெல்லாம் பேச்சுக் கொடுப்பது என்று தனக்கே வீட்டுப்பாடம் வைத்துக்கொண்டார். 30 பேர் எழுந்து போய்விட்டார்கள். மீதி 100 பேரிடம் பேசினார். ஒரே ஒருத்தி மறுபடி சந்திக்க ஒத்துக்கொண்டாள், அவளும் வரவில்லை. கணக்கில் முழுத் தோல்வி. பயம் மட்டும் போய்விட்டது.

எல்லிஸின் அனுபவம் ஒரு நுட்பத்தைக் காட்டுகிறது, புதுக்கோட்டை மைதானமும் அதையே காட்டுகிறது. பயந்தது நடக்கவில்லை என்பதால்தான் பயம் தெளியும் என்று நாம் நினைக்கிறோம். சைக்கிள் பழகியவர்கள் பயந்தது நடக்கத்தான் செய்தது. விழுந்தார்கள், முட்டி சிராய்த்தது. ஆண்கள் கேலி பேசினார்கள், கேட்கக் கூசும் வார்த்தைகளும் வந்தன. சாய்நாத்தும் அதைச் சொல்கிறார். 'விழுந்துடுவேன், ஊரே சிரிக்கும்' என்ற எண்ணத்தைத் தாளில் எழுதிச் சான்று கேட்டிருந்தால், சான்று எண்ணத்தின் பக்கமே நின்றிருக்கும். பொய்யாகிப்போனது அந்த எண்ணத்தின் பின்பாதி, வாய்விட்டுச் சொல்லாத பாதி: 'அப்படி ஆனா என்னால தாங்க முடியாது.' விழுந்தவள் எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு மறுபடி ஏறியபோது அந்தப் பாதி உடைந்தது. எல்லிஸ் தன் சிகிச்சையில் எப்போதும் குறிவைத்தது இந்தப் பின்பாதியைத்தான். எதிர்மறை எண்ணத்தோடு மல்லுக்கட்டுகிற யாருக்கும் நான் முதலில் சொல்ல விரும்புவது இதுதான்: 'இது உண்மையா?' என்பதோடு நிறுத்தாதீர்கள், 'உண்மையாகவே இருந்தால் அடுத்து நான் என்ன செய்வேன்?' என்பதையும் கேளுங்கள்.

ஏனென்றால் சில எண்ணங்கள் உண்மையாகவே இருக்கின்றன. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்தபோது புதுக்கோட்டை மாவட்டத்தின் ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு வட்டாரங்களில் தென்னையும் பலாவும் வாழையும் வேரோடு சாய்ந்தன. விடிந்து தோப்பைப் பார்த்த விவசாயி 'எல்லாம் போச்சு' என்று நினைத்தால் அதில் கோளாறு எதுவும் இல்லை. தென்னங்கன்று நட்டுக் காய்க்கப் பல வருஷம் ஆகும். அவரிடம் தாளைக் கொடுத்து 'இதற்கு எதிரான சான்று எழுதுங்கள்' என்றால் அது அவருடைய துக்கத்தை அவமதிப்பது. நல்ல சி.பி.டி. அறிந்தவர் அந்த இடத்தில் தாளை மடித்து வைத்துவிடுவார். இழப்பை இழப்பாகவே ஒத்துக்கொண்டு, இன்றைக்கு ஒரு வேலை, நாளைக்கு ஒரு வேலை என்று பட்டியல் போடுவார்: சாய்ந்த மரத்தை அறுத்து அகற்றுவது, நிவாரணத்துக்கு மனு எழுதுவது, இடைக்காலத்துக்கு உளுந்து போடுவது. 'எல்லாம் போச்சு' என்பதிலிருந்து 'நான் இருந்து பிரயோஜனமில்லை' என்று மனம் தாவுகிற இடத்தில்தான் அவர் கேள்வி கேட்பார். அப்படித் தாவுகிறவரைத் தனியாக விடக் கூடாது. உடனே மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும். கட்டணமில்லாத டெலி மானஸ் எண் 14416 இரவும் பகலும் இயங்குகிறது, தமிழில் பேசலாம்.

ஒற்றுமை இவ்வளவு. வேற்றுமை எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. சி.பி.டி. எண்ணத்தைத் தலைக்குள் தேடுகிறது. எண்ணம் ஒருவருடையது, தவறும் அந்த ஒருவருடையது, திருத்தமும் அவருக்கே. 'பொம்பளைக்கு எதுக்கு சைக்கிள்' என்பது மட்டும் யார் தலைக்குள் இருந்தது? அது அந்தப் பெண்ணின் தலையில் பிறந்ததல்ல. டீக்கடையிலும் குளத்தங்கரையிலும் மாமியார் வாயிலும் இருந்தது. 'ஊர் பேசும்' என்று அவள் கணித்தது மிகச் சரியான கணிப்பு. அவளை மட்டும் ஓர் அறையில் உட்கார வைத்து எண்ணத்தைத் திருத்தி அனுப்பினால், திருந்தாத தெருவுக்குத்தான் அவள் திரும்பிப் போக வேண்டும். அறிவொளி தெருவின் எண்ணத்தில் கை வைத்தது. ஒருத்தி ஓட்டினால் அவள் வேடிக்கை. ஆயிரத்து ஐந்நூறு பேர் ஒரே நாளில் ஓட்டினால் பழகிப்போய்விடுகிறது. பாட்டு, ஊர்வலம், ஆட்சியரின் ஆதரவு, வங்கிக் கடன் எல்லாம் சேர்ந்து, பயப்படுவதற்கான காரணத்தையே குறைத்தன. இதைச் செய்ய சி.பி.டி.யிடம் கருவி இல்லை. கணவன் அடிக்கிற வீட்டிலும், சாதி பார்த்துத் தள்ளி நிறுத்துகிற ஊரிலும், கந்துவட்டிக்காரன் வாசலில் நிற்கும்போதும் வருகிற பதற்றத்துக்கு எண்ணத்தைத் தாளில் எழுதுவது மட்டும் போதும் என்று யாராவது சொன்னால் நான் ஏற்க மாட்டேன்.

ஆனால் அறிவொளிக்கும் எட்டாத இடம் இருந்தது. இயக்கம் என்பது கூட்டத்தைப் பார்க்கிற கண். மைதானத்துக்கு வந்தவளை அது தூக்கிவிட்டது. வராதவள்? ராத்திரி தூக்கமில்லாமல், பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடும் என்று கதவை நாலு தடவை சரிபார்க்கிறவள், ஆள் கூட்டத்தைக் கண்டாலே மூச்சு முட்டுகிறவள், ஊர்வலத்துக்குள் வரவே மாட்டாள். அவளுக்குப் பாட்டும் கொடியும் இன்னும் பயத்தைத்தான் கூட்டும். அவள் பயத்துக்கு அவளுக்கு மட்டுமே ஆன ஒரு வடிவம் இருக்கிறது. யாராவது பக்கத்தில் உட்கார்ந்து, பொறுமையாக, அது என்ன என்று கேட்டு எழுத வேண்டும். அந்தத் தாள் அவளுக்குத்தான். இன்னொன்று, இயக்கம் ஒருநாள் ஓய்ந்துவிடும். சி.பி.டி. தன் கடைசி அமர்வுகளை இதற்காகவே ஒதுக்கி வைக்கிறது: பயம் மறுபடி வந்தால் அதன் முதல் அறிகுறி என்னவாக இருக்கும், அன்று எந்தப் படியிலிருந்து தொடங்குவது என்று எழுதி, நோயாளி கையிலேயே கொடுத்து அனுப்புகிறது.

இந்த இரண்டும் ஓரிடத்தில் சந்திக்கின்றன, அதை நினைத்தால் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது. சி.பி.டி.யின் தாளை நிரப்ப எழுதத் தெரிய வேண்டும். 1991-ல் அரிக்கேன் விளக்கடியில் கையெழுத்துப் பழகிய ஒருத்தி, இன்று பாட்டியாக, தன் பயத்தைத் தன் கையாலேயே ஒரு தாளில் எழுதிப் பார்க்கலாம். எழுதத் தெரியாதவர்களுக்கும் வழி உண்டு. ஆலோசகர் எழுதிக்கொள்ளலாம், 90, 60, 30 என்பதைப் புளியங்கொட்டைகளை வைத்து அளக்கலாம்.

இதை யார் செய்வது? 2015-16-ல் நிமான்ஸ் மனநல நிறுவனம் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், மனச்சோர்வு, பதற்றம் போன்ற பொதுவான மனநோய்கள் உள்ளவர்களில் சுமார் 85 சதவீதம் பேர் சிகிச்சை பெறவில்லை என்று தெரியவந்தது. புதுக்கோட்டையில் 2017-ல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது, மாவட்ட மனநலத் திட்டமும் இருக்கிறது. ஆனால் மணமேல்குடியில் மீனவர் குடியிருப்பில் இருக்கிற பெண்ணும், பொன்னமராவதி பக்கம் கணவன் சிங்கப்பூரில் இருக்கத் தனியாகப் பிள்ளைகளை வளர்க்கிறவளும் வாரா வாரம் டவுனுக்கு வந்து எட்டு அமர்வுகள் உட்கார்வார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. அதிலும் பஸ்ஸைக் கண்டு பயப்படுகிறவளை பஸ் ஏறி வரச் சொல்வது நியாயமில்லை.

இதற்கு கோவாவில் ஒரு விடை கிடைத்திருக்கிறது. மனநல மருத்துவர் விக்ரம் பட்டேலும் சங்கத் என்ற அமைப்பும் மனநலப் பட்டம் எதுவும் இல்லாத உள்ளூர் ஆட்களைப் பயிற்றுவித்து, ஆரம்ப சுகாதார நிலையங்களில் கடும் மனச்சோர்வு உள்ளவர்களோடு ஆறு முதல் எட்டு அமர்வுகள் உட்கார வைத்தார்கள். முறை, சி.பி.டி. குடும்பத்தைச் சேர்ந்த செயல் தூண்டல். 495 பேரை வைத்து நடந்த அந்தச் சோதனையின் முடிவு 2017-ல் லான்செட் இதழில் வந்தது. வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிட இந்த ஆலோசகர்களிடம் சிகிச்சையும் பெற்றவர்கள் தெளிவாகத் தேறியிருந்தார்கள். இதைப் படித்ததும் எனக்குக் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடிய பெண்கள்தான் நினைவுக்கு வந்தார்கள். அறிவொளியில் நேற்றுப் பழகியவள்தான் இன்று அடுத்தவளுக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டிலிருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் பெண் தன்னார்வலர்கள் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரையோடு வீடு வீடாகப் போகிறார்கள். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசும் உரிமை அவர்களுக்கு ஏற்கெனவே கிடைத்துவிட்டது. எண்ணத்தைக் கேட்டு எழுதவும், படிக்கட்டுப் போடவும், முதல் ஸ்டாப் வரை பஸ்ஸில் கூட வரவும் இவர்களுக்குப் பயிற்சி தர வேண்டும், அதற்குரிய சம்பளமும் தர வேண்டும். புதுக்கோட்டை அதற்கு முதல் மாவட்டமாக இருக்கலாம் என்பது என் கருத்து. இதில் விட்டுவிடக் கூடாத ஒன்று, கோவாவில் அந்த ஆலோசகர்கள் தங்கள் அமர்வுகளின் ஒலிப்பதிவைக் கூடி உட்கார்ந்து கேட்டு, ஒருவர் வேலையை இன்னொருவர் மதிப்பிட்டார்கள் என்பது. அந்தக் கூட்டம் தவறாமல் நடக்க வேண்டும். நடக்காவிட்டால் மூன்றே மாதத்தில் தாள் பைக்குள் போய்விடும். திண்ணையில் 'தைரியமா இரு, ஒண்ணும் ஆகாது' என்ற பழைய ஆறுதல்தான் மறுபடி கேட்கும். அன்னவாசல் பெண் அதைப் பல பேரிடம் ஏற்கெனவே கேட்டிருக்கிறாள், இன்னும் பஸ் ஏறவில்லை.